சஹாராவில் ஓடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. மொராக்கோவில் நடக்கும் மாரத்தான் தெ சாப்ள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். சுமார் 250 கிலோமீட்டர், பல கட்டங்களாக. சாப்பாடும் படுக்கைப் பையும் நம் முதுகில்தான். தண்ணீரும் கூடாரமும் ஓட்டத்தை நடத்துபவர்கள் தருவார்கள்.

தூரத்தைவிட எனக்குக் கவலை தண்ணீரும் உப்பும். வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம், கடைசியில் வலிப்புவரை போகலாம். தண்ணீர் போதாமல் போனாலும் தலைவலியும் குமட்டலும்தான் வரும். ஓடிக்கொண்டிருக்கும்போது இது எது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? விரல் வீங்குவதைச் சோடியம் குறைந்ததற்கு ஒரு அடையாளமாக நம்பலாமா? உப்பு மாத்திரையை மணிக்கணக்கு வைத்து எடுத்தீர்களா?

வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும் என்கிறார்கள். ஓடி முடித்ததும் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து பழகியவர்கள் இருந்தால், அது உண்மையிலேயே கைகொடுத்ததா என்று சொல்லுங்கள். அப்புறம், ஷூவுக்கு மேல் மாட்டும் மணல் உறை: வெல்க்ரோவை ஒட்டினால் போதுமா, தைத்தே ஆக வேண்டுமா? பொடி மணல் உள்ளே போய்விட்டால் ஈரத் தோலில் உரசியே கொப்புளம் போட்டுவிடுமே.

1994-இல் இதே ஓட்டத்தில் மணற்புயலில் வழி தவறிய இத்தாலியர் மௌரோ புரோஸ்பெரி அல்ஜீரியாவுக்குள் போய்த்தான் உயிர் பிழைத்தார். அதைப் படித்ததிலிருந்து இரவில் தனியாக ஓடுவதை நினைத்தாலே பயம். 80 கிலோமீட்டரை ஒட்டிய நீண்ட கட்டத்தில் மனம் உடைந்தபோது என்ன செய்தீர்கள்? பொதுவான ஊக்க வார்த்தைகள் வேண்டாம், அந்த நேரத்தில் செய்ததை அப்படியே எழுதுங்கள்.