பழைய ஃபஸ் ஃபேஸ் பெடலை (கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் மிதி கருவி) வாசித்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவம்?

தந்தி_ஆறு
தெரிந்தவர் வீட்டில் இருந்தது. அறுபதுகளில் ஆர்பிட்டர் நிறுவனம் செய்தது, அதே வட்டப் பெட்டி, உள்ளே என்.கே.டி.275 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் ஜோடி. ஃபஸ் குமிழை முழுக்கத் திருப்பி ஈ மேஜர் அடித்தேன். தடித்த, ஓரம் மழுங்கிய இரைச்சல். அது எதிர்பார்த்ததுதான். அப்புறம் கிதார் வால்யூமை 10-லிருந்து 6-க்கு இறக்கினேன். பெடல் ஆனில்தான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, வெண்கல மணி மாதிரிக் கேட்கிறது! இன்றுவரை அந்த ஒலி காதை விட்டுப் போகவில்லை.

கசிவு_மின்னோட்டம்
இரண்டே டிரான்சிஸ்டர். இரண்டாவதிலிருந்து முதலாவதன் பேஸ் காலுக்கு 100கே மின்தடை வழியாக ஃபீட்பேக் வருவதால் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்குப் பெடல் காட்டும் தடை) மிகக் குறைவு. கிதார் வால்யூமை இறக்கினால் சிக்னல் குறைவதோடு நடுவில் தடையும் ஏறுகிறது, அதனால் ஃபஸ் விலகிவிடும்.

என் கதை வேறு. திறந்தவெளி மேடை, உச்சி வெயில். காலை ஒத்திகையில் அருமையாக இருந்த ஏ.சி.128 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்ட பெடல், நிகழ்ச்சி நடுவே நீட்டிப் பிடித்த நோட்டையெல்லாம் 'ஃப்ர்ர்' என்று அறுத்துவிட்டது. சூட்டில் ஜெர்மேனியத்தின் கசிவு மின்னோட்டம் கூடி பயாஸ் (டிரான்சிஸ்டர் இயங்கும் வோல்டேஜ் நிலை) நகர்ந்துவிடுகிறது. நிழலில் ஆறியதும் சரியானது. மேடைக்குச் சிலிக்கான்தான் சரி, ஆனால் அதில் அந்த மணி ஒலி கிடைக்கவே கிடைக்காது.

பி.சி.108
கிடைக்காது என்பதை ஏற்க மாட்டேன் அண்ணே. என்னுடையது சிலிக்கான், வால்யூமை இறக்கினால் நன்றாகவே தெளிகிறது. கொஞ்சம் கூர்மை அதிகம், அவ்வளவுதான். ஒரு ராத்திரி ரேடியோ செய்தியே அதில் கேட்டது! முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே 100 பைக்கோஃபாரட் கெபாசிட்டர் வைத்ததும் நின்றது.

வாங்க நினைப்பவர்களுக்கு: கிதாரிலிருந்து நேரே இதற்குத்தான் வயர் வர வேண்டும். முன்னால் பஃபர் (சிக்னலை வலுவாக்கி அனுப்பும் சர்க்யூட்) இருந்தால் அந்தத் தெளிவு போய்விடும், வா பெடல் (மிதித்து 'வா வா' ஒலி எழுப்புவது) வைத்தால் பெரும்பாலும் கீச்சிடும். பழைய ஜெர்மேனியம் வகையில் இருப்பது பி.என்.பி. டிரான்சிஸ்டர், பாசிட்டிவ் கிரவுண்ட் (பேட்டரியின் பிளஸ் முனைதான் கிரவுண்டில் சேரும்). மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோக்காதீர்கள், தனி பேட்டரி போடுங்கள். 8.2கே மின்தடை இருக்குமிடத்தில் டிரிம்பாட் (திருகி மாற்றக்கூடிய சின்ன மின்தடை) வைத்து, இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரை 4.5 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

ஈயப்பற்று
4.5 எல்லா ஜோடிக்கும் பொருந்தாது. நான் கட்டியது 5-ஐத் தாண்டிய பிறகுதான் பாடியது. டிரிம்பாட்டைக் காதால் திருப்புங்கள், மீட்டரை அப்புறம் பார்க்கலாம்.