மெர்சிங் சாலையில் கடல் தெரிகிறதா, இல்லையா?

சாலைப்பித்தன்
நம் மோட்டார்சைக்கிள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர்களுக்காகக் கடற்காற்று அவர்கள் எழுதி ஏற்றியிருக்கும் வழிக்குறிப்பை நேற்றிரவு படித்தேன். படித்த பிறகு உறக்கம் வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து உட்லண்ட்ஸ் கடற்பாலத்தைக் கடந்து, மலேசியாவின் ஜொகூர் பாருவில் 3ஆம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்துவிட்டால், கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங் போய்ச் சேரும்வரை வலப்பக்கத்தில் கடல் துணைக்கு வந்துகொண்டே இருக்கும் என்று அதில் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை, உலு திராம், கோத்தா திங்கி, ஜெமாலுவாங் என்று உள்நாட்டு ஊர்களைத் தொட்டுக்கொண்டு, செம்பனைத் தோட்டங்களுக்கும் பந்தி மலைக்காட்டுக்கும் நடுவே போகிறதே தவிர, மெர்சிங் ஊரை நெருங்கும்வரை ஒரு கை உப்புத்தண்ணீரைக்கூடக் காட்டுவதில்லை. கடல் தெரியாது. இந்தக் குறிப்பை நம்பிப் புறப்படும் பிள்ளை, கோத்தா திங்கியைத் தாண்டியும் கடலைக் காணோமே என்று வலப்பக்கமே பார்த்துக்கொண்டு ஓட்டினால், எதிரே செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு வரும் லாரிக்கு யார் பதில் சொல்வது?

கடற்காற்று
சாலைப்பித்தன் ஐயாவுக்கு வணக்கம். அந்தக் குறிப்பில் எண்ணெய் நிரப்ப வேண்டிய இடங்கள், யானை நடமாட்டம் குறித்த எச்சரிக்கைப் பலகைகள், நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை எப்படியிருக்கும் என்பது எல்லாம் எழுதியிருக்கிறேன். ஐயாவின் கண்ணில் பட்டது ஒரே ஒரு வரிதான். 3ஆம் எண் சாலை கிழக்குக் கரையை ஒட்டியே கோத்தா பாரு வரை போகிறது என்பதைப் பள்ளிப்பிள்ளைகூட நிலப்படத்தில் விரல் வைத்துக் காட்டும். ஜெமாலுவாங்கைத் தாண்டிய பின் ஒரு மேட்டில் ஏறும்போது, வலப்பக்கத்து மரங்களுக்கு இடையில் கடல் தெரியும். நான் பார்த்திருக்கிறேன். வேகமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டுபவர்களுக்கு அது தெரியாமல் போனதற்கு நான் பொறுப்பல்ல.

சாலைப்பித்தன்
எந்த மேடு? எந்தக் கிலோமீட்டர் கல்? கூட்டரசுச் சாலைகளின் ஓரத்தில் கற்கள் நட்டிருப்பது அழகுக்காக அல்ல. எண்ணைச் சொல்லுங்கள், பேசுவோம்.

கோத்தா பாரு வரை போகிறது என்கிறீர்கள். போகிறதுதான், யார் மறுத்தார்கள்? குவாந்தானைத் தாண்டி, திரங்கானு எல்லைக்குள் நுழைந்து, கிஜால், கெர்த்தே, பாக்கா, டுங்குன் என்று மேலே போகப் போக, தென்னை மரங்களுக்கு அப்பால் அலை புரள்வதைத் தலைக்கவசக் கண்ணாடிக்குள்ளிருந்தே பார்க்கலாம். ஒரு காலத்தில் பேராமைகள் முட்டையிட வந்த ரந்தாவ் அபாங் கடற்கரையும் அந்தச் சாலையோரத்தில்தான் இருக்கிறது. மாராங்கை நெருங்கும்போது எங்கே வண்டியை நிறுத்துவது என்று தெரியாமல் தவிக்க வேண்டியிருக்கும். அந்த அழகெல்லாம் அதே 3ஆம் எண் சாலையின் அழகுதான் என்பதற்காக, அதைக் கொண்டுவந்து ஜொகூரில் ஒட்டவைத்துப் பிள்ளைகளை ஏமாற்றக் கூடாது. மெர்சிங் வரை கடல் தெரியாது.

பின்னிருக்கை
ஓட்டுபவர்கள் மட்டுமே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். சாலையைப் பார்க்க வேண்டிய கடமை இல்லாத எங்களைப் போன்றவர்களை யாரும் கேட்பதில்லை. கணவருக்குப் பின்னால் அமர்ந்து அந்த வழியில் போயிருக்கிறேன். வலப்பக்கத்தில் செம்பனை, இடப்பக்கத்தில் செம்பனை, நடுவில் தார்ச்சாலை. பந்தி வனப்பகுதியில் மட்டும், காலையில் போனால், பனி இறங்கிச் சாலை நனைந்திருக்கும். மரங்கள் இரு பக்கமும் உயர்ந்து நிற்க, காற்றில் சட்டென்று குளிர் ஏறும். அந்த வழியில் எனக்குப் பிடித்தது அதுதான். கடலைப் பற்றிக் கேட்டால், மெர்சிங் படகுத்துறையில் தியோமான் தீவுக்குப் போகும் படகைப் பார்த்த பிறகுதான் பார்த்தேன். ஆனால் ஒன்று, சாலைப்பித்தன் அண்ணன் தலைமையேற்று வந்தால் யாருக்கும் எதையும் பார்க்க நேரம் இருக்காது. பந்தியில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள் என்று கேட்டதற்கு அன்று அவர் சொன்ன பதிலை நான் இன்னும் மறக்கவில்லை.

கடற்காற்று
பார்த்தீர்களா! நிறுத்தாமல் ஓட்டுபவர் என்பதற்குச் சாட்சியே கிடைத்துவிட்டது. அக்காவுக்கும் கடல் தெரியாமல் போனதற்கு அந்த வேகமே காரணம்.

பின்னிருக்கை
தம்பி, நான் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடாதீர்கள். கடல் தெரியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன்.

கோத்தா திங்கிக்காரன்
விடியற்காலை நான்கரை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி, கடற்பாலத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவே ஊர்ந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிற எனக்கு, வார இறுதியில் எங்கள் சாலையைப் பார்க்க வருபவர்கள் பாடம் எடுப்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. இரு தரப்பும் கடல் கடல் என்கிறீர்கள். எங்கள் ஊரை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். 1699இல் பல்லக்கில் போகும்போது கொல்லப்பட்ட ஜொகூர் சுல்தான் மஹ்மூதின் அடக்கத்தலம் இங்கேதான் கம்போங் மக்காமில் இருக்கிறது. ஊருக்கு அப்பால் அருவி இருக்கிறது, ஆற்றங்கரையில் இரவில் மின்மினி பார்க்கலாம். ஜொகூர் ஆறு 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஊருக்குள் புகுந்து கடைத்தெருவை மூழ்கடித்தபோது உங்களில் யாரும் கடலைத் தேடிக்கொண்டு வரவில்லை. கடல் தெரிகிறதா என்று என்னைக் கேட்டால், அதைப் பார்க்க நான் ஏன் அந்தப் பக்கம் போக வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் எண்பலகையுள்ள வண்டிகளுக்கு மானிய விலை ரோன்95 பெட்ரோலை விற்கக் கூடாது என்ற விதி 2010இலேயே வந்துவிட்டது. அதன் பிறகும் அந்த பெட்ரோலுக்குரிய மஞ்சள் குழாயின் பக்கம் தயங்கித் தயங்கி நிற்பவர்களை எங்கள் ஊர் எண்ணெய் நிலையத்தில் நான் பார்த்திருக்கிறேன். குறிப்பு எழுதுகிறவர் கடலை விட்டுவிட்டு அதை முதல் வரியாக எழுதினால் நன்றாக இருக்கும்.

கடற்காற்று
அதையும் எழுதியிருக்கிறேன், நான்காவது பத்தியில். படிக்காமலேயே கருத்துச் சொல்வது இந்தக் குழுவில் பரம்பரை நோயாகிவிட்டது.

லிம் சூ காங் காதலன்
பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். குடிநுழைவு வரிசையில் வெந்து, புகையைக் குடித்து, அக்கரைக்குப் போய்க் கடலைக் காணோம் என்று சண்டையிடுவதைவிட, சிங்கப்பூரிலேயே லிம் சூ காங் சாலையில் கடைசிவரை ஓட்டினால் படகுத்துறையில் ஜொகூர் நீரிணை முழுவதும் தெரிகிறதே. வழியில் காய்கறிப் பண்ணை, ஆட்டுப் பண்ணை, கிராஞ்சிச் சதுப்புநிலம் என்று கிராமத்துக் காட்சிக்கும் குறைவில்லை. கடவுச்சீட்டே தேவையில்லை.

சாலைப்பித்தன்
தம்பி, லிம் சூ காங் சாலை அவ்வளவு நேராக இருப்பது உங்கள் மோட்டார்சைக்கிளுக்காக அல்ல, அவசரக் காலத்தில் போர்விமானம் இறங்குவதற்காக. 1986 முதல் அவ்வப்போது விளக்குக் கம்பங்களைப் பிடுங்கிவிட்டு விமானப்படை அங்கே பயிற்சி நடத்தியிருக்கிறது. வளைவே இல்லாத சாலையில் ஓட்டிவிட்டு அதைக் கிராமப் பயணம் என்று சொல்லிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இங்கே கேள்வி அதுவல்ல. ஜெமாலுவாங்கிலிருந்து மெர்சிங் வரை கடல் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. தெரியாது.

லிம் சூ காங் காதலன்
வளைவு இல்லை என்று நக்கல் செய்வதற்கு முன், பக்கத்தில் நியோ தியூ சாலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அக்கரையில் இருப்பதெல்லாம் தங்கம், இக்கரையில் இருப்பதெல்லாம் தகரம் என்று நினைப்பவர்களிடம் பேசிப் பயனில்லை.

பழங்கதை
வரலாறு தெரிந்தால் இந்தச் சண்டையே வராது. 1942 ஜனவரியில் ஜப்பானியர் கடல் வழியாக வந்து மெர்சிங்கில் இறங்குவார்கள், இறங்கினால் இந்தச் சாலையைப் பிடித்து நேராகச் சிங்கப்பூருக்கு வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான், ஆஸ்திரேலியாவின் 22ஆம் படைப்பிரிவை அங்கே நிறுத்தி, கரையெங்கும் முள்கம்பி போட்டு, கண்ணிவெடி புதைத்தார்கள். அந்தச் சாலைக்கும் கடலுக்கும் தொடர்பே இல்லையென்றால் ஒரு படைப்பிரிவு அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? எனவே கடற்காற்று சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

சாலைப்பித்தன்
பழங்கதை ஐயா கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார், மீதியை நான் சொல்கிறேன். ஜப்பானியர் மெர்சிங் கடற்கரையில் இறங்கவேயில்லை. எண்டாவ் பக்கமிருந்து தரைவழியாக வந்தார்கள். பின்வாங்கிய ஆஸ்திரேலியர்கள் ஜனவரி 26ஆம் தேதி இரவு அவர்களுக்காகப் பதுங்கியிருந்து தாக்கிய இடம் எது? ஜெமாலுவாங்குக்கு வடக்கே, இதே சாலையோரத்தில் இருந்த நித்ஸ்டேல் தோட்டம். தோட்டம் என்பதைக் கவனியுங்கள். கடற்கரை அல்ல. அன்றைக்கு ரப்பர், இன்றைக்குச் செம்பனை. ஒரு படையே மறைந்து நிற்கும் அளவுக்கு மரங்கள் அடர்ந்திருந்த அதே இடத்தில்தான், கடற்காற்று அவர்கள் வண்டியில் இருந்தபடியே கடலைக் கண்டிருக்கிறார். கிலோமீட்டர் கல்லின் எண்ணை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடற்காற்று
கல்லை எண்ணிக்கொண்டே ஓட்டும் பழக்கம் எனக்கு இல்லை. எண்ணுகிறவரின் கதையும் குழுவுக்குத் தெரியும். சென்ற ஆண்டு, இதே ஜெமாலுவாங் சந்திப்பில், மெர்சிங் பக்கம் திரும்பாமல் குளுவாங் பக்கம் திரும்பி, காஹாங் வரை எங்கள் எல்லாரையும் மழையில் இழுத்துக்கொண்டு போனவர் யார்? அந்தப் பாதையை இவ்வளவு கரைத்துக் குடித்தவர் பெயர்ப்பலகையை ஏன் படிக்கவில்லை?

சாலைப்பித்தன்
அது வழிதவறல் அல்ல. எண்டாவ்–ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகும் காட்டுப்பாதை காஹாங்கிலிருந்துதான் பிரிகிறது என்பதை உங்களுக்குக் காட்ட விரும்பினேன். இதை அன்றைக்கே விளக்கினேன்.

பின்னிருக்கை
காஹாங் வந்து சேர்ந்த பிறகு விளக்கினீர்கள்.

கோத்தா திங்கிக்காரன்
குளுவாங் சாலைக்குப் போவதாக இருந்தால் எங்கள் ஊர் வழியாக வந்திருக்கவே வேண்டாம். ஆயர் ஹித்தாம் வழியாகப் போயிருக்கலாம். இதை அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் உள்ளூர்க்காரனை யார் கேட்கிறார்கள்?

சாலைப்பித்தன்
பேச்சைத் திசைதிருப்ப வேண்டாம். காஹாங்கில் மழை பெய்ததால் மெர்சிங் சாலையில் கடல் முளைத்துவிடாது. சாலையில் போகும்போதே கடல் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு ஜொகூரிலேயே வேறு வழி இருக்கிறது. அதை எழுதியிருந்தால் நானே பாராட்டியிருப்பேன். செனாய்–தேசாரு விரைவுச்சாலையில் போனால் ஜொகூர் ஆற்றின் மீதுள்ள நீண்ட பாலத்தில் குறுக்குக் காற்று சின்ன வண்டிகளைத் தள்ளும். அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும். தேசாருவிலிருந்து தெற்கே பத்து லாயார் கடற்கரையைத் தொட்டு, சுங்கை ரெங்கிட்டை நோக்கி வந்தால், சாலைக்குப் பக்கத்திலேயே கடல், கடலில் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்காகக் காத்து நிற்கும் கப்பல்கள். சுங்கை ரெங்கிட்டில் சிங்கிறால் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே வீடு திரும்பலாம். 200சிசி வண்டிக்கும், அந்த அளவு வரை ஓட்ட 2பி உரிமம் எடுத்த புதியவர்களுக்கும் மெர்சிங்கைவிட அதுவே ஏற்ற பயணம். இவ்வளவையும் விட்டுவிட்டு, இல்லாத கடலை இருக்கிறது என்று எழுதியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

லிம் சூ காங் காதலன்
சிங்கிறால் சாப்பிட்ட செலவை அன்று யார் கொடுத்தார் என்பதையும் எழுதியிருக்கலாம். நான் கொடுத்தேன். பங்கு இன்னும் வரவில்லை.

கடற்காற்று
உங்களுக்குச் சான்றுதானே வேண்டும்? தலைக்கவசத்தில் பொருத்திய கேமராவில் எடுத்த காணொளியைத் தேடி எடுத்துக் குழுவில் ஏற்றியிருக்கிறேன். இரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு, வலப்பக்கத்தில், மரங்களின் இடைவெளியில் ஒரு நீலக் கீற்று தெரிகிறது. கண் உள்ளவர்கள் பார்க்கலாம்.

சாலைப்பித்தன்
பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் தகரக் கூரை. நீலச் சாயம் அடித்திருக்கிறார்கள்.

பழங்கதை
எனக்கு அது மெர்சிங் ஆற்றின் கழிமுகம் போலத் தெரிகிறது. கழிமுகமும் கடலின் தண்ணீர்தானே?

பின்னிருக்கை
நானும் பார்த்தேன். கூரையின் மீது துணி காய்கிறது.

கடற்காற்று
கூரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கேமராவின் அகலக் கோணத்தில் தொலைவில் உள்ளவை சிறுத்துவிடும் என்பது தெரியாதவர்களோடு வாதிட்டு என்ன பயன்? இருந்தாலும் குழுவின் அமைதிக்காகக் குறிப்பில் இப்போது ஒரு திருத்தம் செய்திருக்கிறேன்: "கூர்ந்து பார்ப்பவர்களுக்கு மெர்சிங் வரை வலப்பக்கத்தில் கடல் துணைக்கு வந்துகொண்டே இருக்கும்."

சாலைப்பித்தன்
இதற்குப் பெயர் திருத்தமா? பொய்யை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் எனக்கு ஒரு குத்தலும் சேர்த்திருக்கிறீர்கள். நாளை மாலை என் சொந்தக் குறிப்பை ஏற்றுகிறேன். அதில் ஊர் ஊராக, கல் கல்லாக எழுதுவேன், கடல் தெரியாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுவேன்.

கோத்தா திங்கிக்காரன்
இரண்டு குறிப்பிலும் அருவிக்குப் போகும் வழியைச் சேர்த்துவிடுங்கள்.

கடற்காற்று
ஐயாவின் குறிப்பில் ஜெமாலுவாங் சந்திப்பில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும் தடித்த எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

சாலைப்பித்தன்
கிலோமீட்டர் கல்லின் எண் இன்னும் வரவில்லை.