1980 லேக் பிளாசிட் ஆட்டம்: ஏற்காட்டில் பையன்களுக்குப் போட்டுக் காட்டணும், எங்கெங்கே நிறுத்தலாம்?

சேர்வராயன்_ஹாக்கி (கேள்வி):
வணக்கம். ஏற்காட்டில் நடக்கும் ஹாக்கி முகாமில் ஒரு சாயங்காலம் அமெரிக்கா – சோவியத் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தை, அதான் அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் 1980 பிப்ரவரி 22 ஆட்டத்தை, புரொஜெக்டரில் போடப் போறோம். முழு ஆட்டத்தோட பழைய டிவி பதிவு கையில் இருக்கு. சேலத்திலிருந்து மேலே வர்ற பையன்கள் 40 பேர், எல்லாரும் புல்லிலும் டர்ஃபிலும் ஆடுறவங்க. ஐஸ் ஹாக்கி கண்ணால் பார்த்ததில்லை. மூணு விஷயம் கேட்கணும். போஸ்டரில் "ஒலிம்பிக் இறுதி ஆட்டம்" என்று போட்டா சரியா? எந்தெந்த இடத்தில் நிறுத்தி விளக்கணும்? போட்டுப் பார்த்ததில் பக் (பந்துக்குப் பதிலா ஆடற சின்ன ரப்பர் வட்டு) கண்ணுக்கே தெரியலை, அதுக்கு என்ன வழி?

அஸ்தம்பட்டி_ரைட்அவுட்:
போஸ்டரை இன்னும் அச்சுக்குக் கொடுக்கலைன்னா நல்லது. அது இறுதி ஆட்டம் இல்லை. அந்த ஒலிம்பிக்கில் ஐஸ் ஹாக்கிக்கு இறுதி ஆட்டம்னே ஒண்ணு கிடையாது. ரெண்டு குரூப்பிலிருந்து முதல் ரெண்டு அணிகள் மேலே வந்து, நாலு அணி புள்ளிக் கணக்கில் ஆடினாங்க. ஒரே குரூப்பிலிருந்து வந்த ரெண்டு அணியும் ஏற்கனவே மோதின ஆட்டத்தோட புள்ளி கூடவே வரும். அமெரிக்கா ஸ்வீடனோட 2–2 டிரா பண்ணின 1 புள்ளியோட வந்தது. சோவியத், ஃபின்லாந்தை 4–2ல ஜெயிச்ச 2 புள்ளியோட வந்தது. 22ஆம் தேதி 4–3 வெற்றிக்கு அப்புறம் அமெரிக்காவுக்கு 3 புள்ளி, அவ்வளவுதான். 24ஆம் தேதி ஃபின்லாந்துகிட்ட தோத்திருந்தா அதே 3லயே நின்னிருக்கும். சோவியத் – ஸ்வீடன் ஆட்டத்தில் யார் ஜெயிச்சாலும் 4 புள்ளியோட தங்கத்தைத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. அந்த ஆட்டத்தில் மூணு பீரியடில் (பகுதியில்) ரெண்டு முடிஞ்சப்போ ஃபின்லாந்து 2–1 முன்னால இருந்தது. மூணாவது பீரியடில் மூணு கோல் போட்டு 4–2ல முடிச்சாங்க. நேரம் இருந்தா அந்தக் கடைசி 20 நிமிஷத்தையும் சேர்த்துப் போடுங்க.

போஸ்டரில் ஸ்கோரைப் போடாதீங்க. பாதிப் பையன்களுக்கு முடிவு தெரியாது, தெரியாமலே உட்காரட்டும். அதுக்குப் பதிலா ஆட்டத்துக்கு முந்தைய கணக்கைப் போடலாம்: 1964லிருந்து 1976 வரை தொடர்ந்து நாலு தங்கம் சோவியத்துக்கு. ஒலிம்பிக் தொடங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, பிப்ரவரி 9, நியூயார்க்கில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் இதே அமெரிக்கப் பையன்களை 10–3ன்னு உரிச்செடுத்தாங்க. அமெரிக்க அணியில் பெரும்பாலும் கல்லூரியில் ஆடினவங்க.

செவ்வாய்ப்பேட்டை_ஷூட்டர்:
நிறுத்தற இடத்துக்கு முன்னாடி, போடறதுக்கு முன்னாடியே பத்து நிமிஷம் விதி சொல்லணும். நம்ம ஹாக்கிக்காரனுக்கு எது இடிக்கும்னு மட்டும் சொன்னா போதும். ஐஸ் ஹாக்கியில் D (கோலுக்கு முன்னால இருக்கிற அரைவட்டம்) இல்லை, ரிங்க்கில், அதான் ஐஸ் மைதானத்தில், எங்கிருந்து அடிச்சாலும் கோல். மட்டையோட ரெண்டு பக்கமும் ஆடலாம். காலில் பட்டா ஃபவுல் இல்லை, உதைச்சு உள்ளே தள்ளினாத்தான் செல்லாது. கோலுக்குப் பின்னாலயும் இடம் இருக்கு, அங்கேயும் ஆட்டம் நடக்கும். கோல் ரொம்பச் சின்னது: நம்மது 12 அடிக்கு 7 அடி, அவங்களது 6க்கு 4. தப்பு பண்ணினவன் 2 நிமிஷம் வெளியே உட்காரணும், அதுவரை எதிரணிக்கு ஒரு ஆள் கூட. அதுக்குப் பேர் பவர் ப்ளே. கிரிக்கெட் பவர் ப்ளே இல்லைன்னு முதல்லயே சொல்லிடுங்க, இல்லைன்னா பாதி நேரம் அந்தக் கேள்விதான் வரும்.

ஆட்டம் 20 நிமிஷம் வீதம் மூணு பீரியட். கீழே தர்றது கழிந்த நேரம். திரையில் மீதி நேரம் ஓடினா 20லிருந்து கழிச்சுக்குங்க.

முதல் பீரியட் 9:12, சோவியத்தின் குருதோவ். கசாதோனோவ் தூரத்திலிருந்து அடிச்சதை வழியில் மட்டையால் தொட்டுத் திருப்பினார். நம்ம டிஃப்ளெக்ஷனேதான், பையன்களுக்கு உடனே புரியும். 14:03 அமெரிக்காவின் ஷ்னைடர் சமன், 17:34 சோவியத்தின் மகாரோவ் மறுபடி முன்னிலை. இதுக்கெல்லாம் நிறுத்த வேண்டாம்.

கட்டாயம் நிறுத்த வேண்டியது 19:59. அமெரிக்காவின் டேவ் கிறிஸ்டியன் ஏறத்தாழ 100 அடி தூரத்திலிருந்து சும்மா ஓங்கி ஒண்ணு விடறார். நம்ம ஆட்டத்தில் D-க்கு வெளியே இருந்து வந்த அடியை யாரும் தொடலைன்னா அது கோலே இல்லை, அதனால அதை யாரும் சட்டை பண்ண மாட்டாங்க. அங்கே கோல்கீப்பர் தடுத்தே ஆகணும். சோவியத் கோல்கீப்பர் ட்ரெத்யாக் தடுத்தார், ஆனா பக்கைப் பிடிச்சு நிறுத்தாமல் முன்னாலயே விட்டார். ரெண்டு டிஃபெண்டரும் பீரியட் முடிஞ்ச மாதிரி தளர்ந்துட்டாங்க. மார்க் ஜான்சன் மட்டும் நிக்காமல் அவங்க நடுவே புகுந்து ரீபவுண்டை எடுத்து உள்ளே போட்டார். மீதி இருந்தது ஒரே விநாடி. இதை மூணு தடவை ஓட்டுங்க: முதல் தடவை ஜான்சனை மட்டும் பார்க்கச் சொல்லுங்க, ரெண்டாவது டிஃபெண்டர்களை, மூணாவது கோல்கீப்பரை.

கொண்டைஊசி_20:
அந்த ஒரு விநாடியை விட்டுட்டு அடுத்த பீரியடுக்குத் தாவிடாதீங்க. சோவியத் ஆட்கள் உள்ளே போயிட்டாங்க, அந்த விநாடியை ஆடி முடிக்கக் கூப்பிட்டப்போ சில பேர்தான் திரும்பி வந்தாங்க. கோலில் நின்னது ட்ரெத்யாக் இல்லை, மிஷ்கின். என்னைக் கேட்டா சோவியத் தோத்ததே அங்கேதான். பயிற்சியாளர் திகோனோவ் கோபத்தில் எடுத்த முடிவு. உலகத்தோட நம்பர் ஒன் கோல்கீப்பரை யாராவது உட்கார வைப்பாங்களா?

செவ்வாய்ப்பேட்டை_ஷூட்டர்:
எல்லாரும் சொல்றதுதான், ஆனா மிஷ்கினைச் சப்பையா நினைக்க வேண்டாம். அதுக்கு முந்தின வருஷம், 1979ல, வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான NHL-இன் நட்சத்திர அணியை 6–0ன்னு ஒரு கோலும் விடாமல் நிறுத்தினவர். கோல் மேல வந்த ஷாட் கணக்கைப் பாருங்க. சோவியத் 18, 12, 9: மொத்தம் 39. அமெரிக்கா 8, 2, 6: மொத்தம் 16. ரெண்டாவது பீரியட் முழுக்க மிஷ்கினுக்கு வந்தது ரெண்டே ரெண்டு. அந்தப் பீரியடில் 2:18க்கு மால்ட்செவ் போட்ட கோல்தான் வித்தியாசம், 3–2. மறுபக்கம் ஜிம் கிரெய்க் 39ல 36ஐத் தடுத்தார். சோவியத் கோல்கீப்பரை யார் மாத்தினாங்கங்கிறதை விட, அமெரிக்க கோல்கீப்பர் என்ன பண்ணினார்னு பையன்களுக்குக் காட்டுங்க. ரெண்டாவது பீரியடில் வேற எதையும் நிறுத்தாமல் கிரெய்க் நிக்கிற இடத்தை மட்டும் கவனிக்கச் சொன்னா போதும்.

மூணாவது பீரியடில் ரெண்டு நிறுத்தம். 8:39, ஜான்சன். குருதோவ் தப்பு பண்ணி 6:47க்கு வெளியே போனார், பவர் ப்ளே முடிய இன்னும் 8 விநாடி. பெனால்டி முடியப்போறப்போ அடிக்கிறவன் அவசரப்படுவான், தடுக்கிறவன் மூச்சு விடுவான். அந்த இடைவெளியில் விழுந்த கோல். அடுத்தது சரியா 10:00, அமெரிக்க கேப்டன் எருஸியோனி, பாவெலிச் கொடுத்த பாஸில். இது ஸ்க்ரீன் கோல். நடுவே டிஃபெண்டர் பெர்வுகின் நிக்கிறார், அவர் மறைச்சதால் மிஷ்கினுக்குப் பக் கிளம்பினதே தெரியலை.

இதை விளக்க ஒரு கேரம் போர்டு போதும். ரிங்க் 60 மீட்டருக்கு 30. பாதி ரிங்க் சரியா ஒரு சதுரம், அதுதான் போர்டு. அந்த அளவில் 1 மீட்டர்னா சுமார் 2.5 செ.மீ., கோல் வாய் 4.5 செ.மீ., கிட்டத்தட்ட ஸ்ட்ரைக்கர் அகலம். சட்டத்திலிருந்து நாலஞ்சு விரல் தள்ளி சாக்பீஸால் கோல் போடுங்க. வாயில் ஒரு கருப்புக் காய், ஒரு சாண் தூரத்தில் அடிக்கிறவன், நடுவே இன்னொரு காய். ஒரு பையனைக் கோல்கீப்பர் பக்கத்துச் சட்டத்தில் தாடையை வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. நடுக் காய் மறைக்கிறது அப்பத்தான் விளங்கும். மேலே நின்னு பார்க்கிறவனுக்கு எல்லாமே சுலபமாத் தெரியும்.

அப்புறம் கடைசி 10 நிமிஷம் நிறுத்தவே கூடாது. யார் எவ்வளவு நேரம் உள்ளே இருக்காங்கன்னு ஒரு பையன் கைக்கடிகாரத்தில் எண்ணட்டும். பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ் ஆட்களைக் குறுகின நேரத்திலேயே மாத்திக்கிட்டே இருந்தார், கால் ஓயலை. பின்தங்கியிருந்தும் சோவியத் கடைசி வரை கோல்கீப்பரை எடுத்துட்டு ஆறாவது ஆளை இறக்கலை. ஏன்னு பையன்களையே கேளுங்க, சண்டை போடட்டும்.

காபித்தோட்டம்_ஆபரேட்டர்:
பக் தெரியாததுக்குக் காரணம் கணக்குதான். பழைய பதிவு அகலத்தில் 640 புள்ளி (பிக்சல்). கேமரா 80 அடி ஐஸைக் காட்டினா ஒரு அடிக்கு 8 புள்ளி, 3 அங்குல பக்குக்கு வெறும் 2 புள்ளி. புரொஜெக்டரில் "நாய்ஸ் ரிடக்ஷன்" ஆன் ஆகியிருந்தா அந்த 2 புள்ளியைத் தூசின்னு நினைச்சு அழிச்சிடும். அதையும் மோஷன் ஸ்மூத்திங்கையும் ஆஃப் பண்ணுங்க. பக் ஓடும்போது சீப்புப் பல் மாதிரி கோடு கோடா வந்தா வி.எல்.சி. வீடியோ பிளேயரில் டீஇன்டர்லேஸ் (அந்தக் கோடுகளை நீக்கற வசதி) ஆன் பண்ணி "யாடிஃப் 2x" வைங்க. படத்தை 16:9க்கு இழுக்காதீங்க, 4:3லயே விடுங்க. (ஸ்கோரும் 4–3, மறக்காது.) திரை அகலம் 6 அடி போதும், 10 அடிக்குப் பெரிசாக்கினா வெளிச்சம் குறைஞ்சு வெள்ளை ஐஸ் சாம்பலாகி, பக் அதில் கரைஞ்சிடும். ஜன்னலை எல்லாம் மூடுங்க.

ஏற்காட்டுக்குன்னு ஒண்ணு: குளிர்ந்த அறையிலோ வண்டியிலோ கிடந்த புரொஜெக்டரை ஆள் நிறைஞ்ச ஹாலுக்குள்ளே கொண்டுவந்தா லென்ஸ் பனிச்சிடும். துணியால் துடைச்சா கறைதான் மிஞ்சும். அரை மணி முன்னாடியே ஹாலில் வெச்சுடுங்க. ஆட்டமும் நிறுத்தங்களுமா இரண்டரை மணி நேரம் ஆகும். அன்னிக்கே கீழே இறங்கற பையன்கள் இருந்தா மதியமே தொடங்குங்க, இருட்டில் 20 வளைவு வேண்டாம்.

அஸ்தம்பட்டி_ரைட்அவுட்:
பையன்களைப் பிடிச்சு உட்கார வைக்க ஒரு தகவல். அதே 1980, ஜூலை 29, மாஸ்கோ: ஆண்கள் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா 4, ஸ்பெயின் 3. கேப்டன் நம்ம தமிழ்நாட்டு பாஸ்கரன். அமெரிக்கா புறக்கணிச்ச ஒலிம்பிக் அது. பாகிஸ்தானும் மேற்கு ஜெர்மனியும் வரலை, அதையும் மறைக்காமல் சொல்லிடுங்க.

சேர்வராயன்_ஹாக்கி:
அண்ணா, எல்லாருக்கும் நன்றி. போஸ்டரில் "இறுதி" எடுத்தாச்சு, "நம்ம நேரப்படி 23ஆம் தேதி விடிகாலை மூன்றரைக்கு ஆரம்பிச்ச ஆட்டம்" என்று போடறோம். நாய்ஸ் ரிடக்ஷனை அணைச்சதும் பக் தெரியுது. கேரம் போர்டு இங்கேயே இருக்கு, பவுடர் மட்டும் சேலத்திலிருந்து வரணும்.