ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தும் எறக்கத்துல கியர் கொறச்சா பின் டயர் லாக் ஆகுது, ஏன்?

போடிமெட்டு_பயணி:
அண்ணன்மாரே ஒரு உதவி. வண்டி செகண்ட்ஸ்ல எடுத்தது, சிங்கிள் சிலிண்டர், கம்பெனிலயே ஸ்லிப்பர் கிளட்ச் போட்டு வந்த மாடல் (பேரு வேணாம், பேரச் சொன்னா அதுக்கே தனி சண்டை ஆரம்பிச்சிரும்). வேலை பூப்பாறைல, வீடு போடி, வாராவாரம் போடிமெட்டு ஏறி எறங்கணும். ஏத்தத்துல ஒரு குறையும் இல்ல. எறங்கையில தான், கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாடி மூணுலேந்து ரெண்டுக்கு தட்டி கிளட்ச விட்டா பின் டயர் கீச்சுனு இழுத்துட்டு ஒரு பக்கமா போகுது, சில நேரம் தடதடனு குதிக்குது, சாரல் விழுந்து ரோடு நனைஞ்சிருந்தா சொல்லவே வேணாம், பின்னாடி ஏலத்தோட்டத்து ஜீப்பு வேற ஆள ஏத்திக்கிட்டு ஹாரன் அடிச்சு வெரட்டுவான். சர்வீஸ்ல காட்டுனா "நீங்க ஓட்டுற விதம் சார்"னு சொல்லி வாட்டர் வாஷ் அடிச்சு குடுத்துட்டாங்க. ஸ்லிப்பர் இருந்தா கியர் கொறைக்கையில கிளட்ச் கொஞ்சம் வழுக்கிக் குடுக்கும், இது வராதுனு தான சொல்றாய்ங்க?

ஆர்எக்ஸ்_கம்பம்:
தம்பி நாங்க ஆர்எக்ஸ் 100ல குமுளி எறக்கம் முழுக்க இஷ்டத்துக்கு கியர் கொறச்சு வந்தவய்ங்க, ஒரு நாளும் டயர் இழுத்ததில்ல. பேசாம அந்த ஸ்லிப்பர கழட்டிட்டு சாதா கிளட்ச் போட்டு ஓட்டு.

செங்கோட்டை_பட்டறை:
அண்ணே, ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக்கு, அதுல இன்ஜின் பிரேக்கிங்கே (ஆக்சிலரேட்டர விட்டா இன்ஜினே வண்டிய இழுத்துப் புடிக்கிறது) கம்மி, எங்கிட்டு போய் டயர் லாக் ஆகும். ஃபோர் ஸ்ட்ரோக் சிங்கிள்ல கம்ப்ரஷன் ஜாஸ்தி, கழட்டிட்டா இன்னும் மோசமாத் தான் ஆகும்.

தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லு. டயர் இழுக்குற அந்த நேரத்துல கிளட்ச திரும்பப் புடிச்சா உடனே விடுதா? விட்டுச்சுனா பிரச்சனை கிளட்ச், இன்ஜின் பக்கம். புடிச்சும் விடலனா கிளட்ச மறந்துரு, பின் பிரேக் காலிப்பர் ஜாம், வீல் பேரிங், செயின், இல்லாட்டி கியர்பாக்ஸ், இதுல ஒண்ணு. அப்படி இருந்தா வண்டிய ஓட்டாத, லோடு வண்டில ஏத்திட்டு வா.

ஸ்லிப்பர் எப்படி வேலை செய்யுதுனா, உள்ள ஹப்புல சரிவா ராம்ப் வெட்டிருப்பாங்க. சக்கரம் இன்ஜின திருப்பி ஓட்ட ஆரம்பிச்சா அந்த ராம்ப், கிளட்ச் பிளேட்டுங்கள அமுக்கிப் புடிக்கிற பிரஷர் பிளேட்ட ஸ்பிரிங்குக்கு எதிரா லேசா தூக்கும், கிளட்ச் பிளேட் மேல அழுத்தம் கொறையும், கொஞ்சம் வழுக்கும். அவ்வளவு தான். இன்ஜின் பிரேக்கிங் மொத்தமா போயிராது, ஓரளவு இழுவை இருக்கத் தான் செய்யும். இப்ப வர்ற நெறைய வண்டில அசிஸ்ட்டும் சேந்து வரும், ஆக்சிலரேட்டர் குடுக்கையில இன்னொரு ராம்ப் பிளேட்ட இறுக்கிக்கிடும், அதனால ஸ்பிரிங்க மெதுவா வைப்பாங்க, லீவரும் ரெண்டு விரல்ல வரும். உன் லீவர் எப்படி இருக்கு, லேசா கெட்டியா? ஆயில் என்ன ஊத்திருக்க, ஜாசோ எம்ஏ2னு (கிளட்ச் ஆயில்ல ஓடுற பைக்குக்கான ஆயில் தரம்) போட்டுருக்கா டப்பால? பின் டயர் நடுவுல தட்டையா தேஞ்சிருக்கா?

போடிமெட்டு_பயணி:
கிளட்ச புடிச்சா பட்டுனு விட்டுருதுண்ணே. ஆயில் கம்பெனி சொன்னது தான், எம்ஏ2. டயர் பரவால்ல. ஆனா லீவர் கெட்டி, தேனி டிராஃபிக்ல கை கடுத்துப் போகுது. கூட்டாளி ஒருத்தன்ட்ட இதே வண்டி இருக்கு, அவனது பஞ்சு மாதிரி இருக்கு.

செங்கோட்டை_பட்டறை:
அப்ப அது தான். யாரோ கெட்டி ஸ்பிரிங் மாட்டிருக்கான். ராம்ப் தூக்கணும்னா ஸ்பிரிங் அமுங்கணும்ல, அது அமுங்கலனா ஸ்லிப்பர் பேருக்குத் தான் உள்ள உக்காந்திருக்கும். கவர கழட்டி ஸ்பிரிங் கம்பி கனத்தையும் நீளத்தையும் வெர்னியர்ல பாரு, புது ஒரிஜினல் ஒண்ணு வாங்கி பக்கத்துல வை. கழட்டுறது கழட்டுற, ராம்ப் மேல குழி, தேய்மானம் இருக்கா, பாஸ்கெட் (பிளேட்டுங்க உக்காந்திருக்குற கூடு) விரல்ல பிளேட் காது குத்தி பள்ளம் விழுந்திருக்கானு நகத்த வச்சு தடவிப் பாரு, நகம் மாட்டுச்சுனா பிளேட்டும் அங்க மாட்டும், சரியா பிரியாது.

கட்டப்பனை_மழை:
பட்டறை அண்ணன் சொல்றது சரி, ஆனா ஓட்டுறதையும் பாக்கணும். 50 கிலோமீட்டர் வேகத்துல வர்றப்ப நாலுலேந்து நேரா ரெண்டுக்கு போனா 5000 ஆர்பிஎம்ல ஓடுன இன்ஜின் 8000 பக்கம் கேக்கும், நீங்க கிளட்ச டப்புனு விட்டா அந்த வித்தியாசத்த பின் டயர் தான் இழுத்துக் குடுக்கணும், அதும் முன் பிரேக் புடிச்சு வெயிட் பூரா முன்னாடி போயிருக்கும்போது. ஒவ்வொரு கியரா வாங்க, ஆக்சிலரேட்டர லேசா ஒரு முறுக்கு குடுத்து கிளட்ச மெதுவா விடுங்க. ஏபிஎஸ் (பிரேக் புடிக்கையில சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கிறது) இருக்குல்லனு நம்பாதீங்க, ரெண்டு சக்கரத்துக்கும் வேலை செய்யுற டூயல் சேனலா இருந்தாலும் அது பிரேக்கத் தான் விடும், இன்ஜின் இழுக்குறத அது விடாது.

போடிமெட்டு_பயணி:
கழட்டியாச்சு! ஸ்பிரிங் வேற, கம்பி நல்ல தடிப்பு. பழைய ஓனருக்கு போன் போட்டேன், ஏத்தத்துல கிளட்ச் வழுக்குதுனு ஒரு பட்டறைல இத மாட்டிக் குடுத்தாங்களாம். பிளேட்ட அளந்தா லிமிட்டுக்கு கீழ தேஞ்சு போயிருக்கு, அதான் வழுக்கிருக்கு, பிளேட்ட மாத்தாம ஸ்பிரிங்க கெட்டியாக்கி ஓட்டிட்டாங்க. ராம்ப் நல்லாருக்கு, பாஸ்கெட்ல நகம் மாட்டல. ஃப்ரிக்‌ஷன் பிளேட் செட்டும் ஒரிஜினல் ஸ்பிரிங்கும் நாளைக்கு வருது.

ஆர்எக்ஸ்_கம்பம்:
சரிப்பா, ஸ்லிப்பர கழட்டிப் போட வேணாம் அப்ப.

செங்கோட்டை_பட்டறை:
புது பிளேட்ட ராத்திரி பூரா இன்ஜின் ஆயில்ல ஊறப் போட்டு காலைல மாட்டு, காய்ஞ்ச பிளேட்ட மாட்டுனா மொத நாளே கருகும். கழட்டுன வரிசைய போட்டோ எடுத்து வச்சிருப்பனு நெனைக்கிறேன், ஜட்டர் ஸ்பிரிங் (கிளட்ச் விடுறப்ப அதிராம இருக்கப் போடுற வளையம்) இருந்தா அது எந்தப் பக்கம் பாத்திருக்குங்கிறது முக்கியம். ஸ்பிரிங் போல்ட குறுக்கு குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா டைட் வை, கை வேகத்துல முறுக்கிறாத, அலுமினிய மரை உருவிக்கிடும். முடிச்சதும் லீவர் முனையில 10, 15 மி.மீ. ஃப்ரீ பிளே (கிளட்ச் இழுக்க ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி லீவர் சும்மா ஆடுற தூரம்) வச்சு, கொஞ்ச நாள் ஓடுனதும் திரும்ப ஒரு தடவ செட் பண்ணு. மொதல்ல மலையடிவாரத்துல இருக்குற முந்தல் வரைக்கும் சமதளத்துல ஓட்டிப் பாத்துட்டு மலை ஏறு.