குடோனில் வைஃபை, கேபிள் மாற்றிய அனுபவம்: யாருக்கெல்லாம் தூக்கம் போனது?

பிவண்டிவாசி

ரொம்ப நாளாக மனதை அரிக்கும் விஷயம். மும்பை பக்கம் பிவண்டியில், மான்கோலி நாக்காவைத் தாண்டி உள்ளே ஒரு குடோன். 2 லட்சம் சதுர அடி, 12 மீட்டர் உயரம். பழைய ஏபி (ஆக்சஸ் பாயின்ட், வைஃபை சிக்னல் தரும் பெட்டி) எல்லாவற்றையும் இறக்கிப் புதியது மாட்டும் வேலை, கம்பெனி சார்பில் மேற்பார்வை நான். ஏப்ரலில் எங்கே எவ்வளவு சிக்னல் என்று சர்வே எடுத்தார்கள். நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தேன். ரேக்கில் பாதி காலி. வரைபடம் முழுக்கப் பச்சைப் பசேல், அதாவது எங்கும் நல்ல சிக்னல். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சரக்கு இறங்கியது. எண்ணெய் டின், ஷாம்பூ, ஃபினாயில், ஜூஸ், தண்ணீர் பாட்டில். இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும், மிச்சத்தை இரும்பு ரேக் பார்த்துக்கொள்ளும்.

ஒரு நாள் சாயங்காலம் ரேக்குகளுக்கு நடுவே 14ஆம் சந்துப் பக்கம் போனேன். பிக்கிங் (ரேக்கிலிருந்து சரக்கு எடுக்கும்) பையன் ஒருவன் ஸ்கேனர் கன்னை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்து முனைக்கு மெதுவாக நடந்து வருகிறான். தீபாராதனைத் தட்டைக் கூட்டத்துக்கு நடுவே தூக்கிக்கொண்டு வருவார்களே, அப்படி. முனைக்கு வந்ததும் 'பீப்'. திரும்பிப் போய் அடுத்த பெட்டியை ஸ்கேன் செய்துவிட்டு மறுபடியும் அதே ஊர்வலம். ஒரு பெட்டிக்குப் போக வர எண்பது அடி. என்னைப் பார்த்ததும், "சாப், மால் ஆயா, நெட்வொர்க் கயா" (சரக்கு வந்தது, நெட்வொர்க் போனது) என்று சிரித்தான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்தப் பச்சை வரைபடம் இன்னும் என் மெயிலில் இருக்கிறது. கீழே என் கையெழுத்து.

ஹோஸ்கோட்டே கிரிம்பர்

நான் மும்பை செம்பூரில் இருந்தவன், இப்போது பெங்களூரு. என் கதையில் வைஃபை குற்றவாளி இல்லை, கேபிள்.

ஹோஸ்கோட்டேயில் ஒரு குடோன். புது ஏபி மாட்டி ஒரு வாரம் எல்லாம் சுகம். அப்புறம் ராத்திரி ஷிப்டில் மட்டும் தூரத்தில் இருந்த ஆறு ஏபி தானாக அணைந்து எழுந்தன. பகலில் நான் போய்ப் பார்த்தால் சாதுவாக எரிகின்றன. சுவிட்சை மாற்றினோம், ஃபர்ம்வேரை ஏற்றினோம், ஏபியையே மாற்றினோம். ம்ஹூம். ராத்திரிதான் அந்தப் பக்கம் பிக்கிங் நடக்கும், லோடு ஏறும், ஏபி கூடுதல் கரன்ட் இழுக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

கடைசியில் எங்கள் எலக்ட்ரீஷியன் பெரியவர் ஒருவர் மிச்சம் கிடந்த கேபிள் துண்டை எடுத்தார். பல்லால் கடித்து உறையை உரித்தார். பிளேடால் கம்பியை ஒரு சுரண்டு சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். "கவரிங் நகை தம்பி" என்றார். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

பெட்டியில் கேட் 6 (நெட்வொர்க் கேபிளில் ஒரு தரம்) என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. 305 மீட்டர் பெட்டியை ஒரு கையால் தூக்கி வண்டியில் வைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். டேட்டா எப்படியோ ஓடிவிடும். அதே கேபிள் வழியாக 80 மீட்டருக்குக் கரன்ட்டும் அனுப்பினால் போகிற வழியிலேயே வோல்டேஜ் தொங்கிவிடும். எத்தனை பெட்டி இழுத்தோம் என்று கேட்காதீர்கள்.

டெசிபெல்

பிவண்டிவாசி சார், மன்னிக்கவும், சர்வே மேல் பழி போடுவது சுலபம். தப்பு டிசைனில். 12 மீட்டர் உயரத்தில் கூரைக்கு அடியில், நாலா பக்கமும் பரப்பும் ஆன்டெனாவை மாட்டியிருப்பார்கள், சரியா? அப்படி மாட்டினால் ஒரு ஏபி பத்து சந்துக்கும் கேட்கும், ஒரு சந்துக்கும் உருப்படியாகக் கேட்காது. பேட்ச் ஆன்டெனா போட்டு, சந்து முனையிலிருந்து சந்தின் நீளத்துக்கே குறி வைத்துத் திருப்ப வேண்டும். டார்ச் அடிப்பது மாதிரி.

என் கதை சின்னது. நவி மும்பை பக்கம் தளோஜா எம்ஐடிசி தொழிற்பேட்டை. ஃபோர்க்லிஃப்ட் ஒரு சந்திலிருந்து அடுத்த சந்துக்குத் திரும்பும்போதெல்லாம் அதிலிருந்த டெர்மினல் லாக்அவுட் ஆகும். சூப்பர்வைசர் தொல்லை தாங்காமல் ஒரு நாள் என் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டேன். மறுவாரம் போனால், அஞ்சு வண்டியிலும் மாஸ்ட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கறுப்பு மார்க்கரில் என் பாஸ்வேர்டு. ஒரு வண்டியில் மட்டும் எழுத்துப் பிழை. அந்த டிரைவர் மூன்று நாளாக வேலையே செய்யவில்லையாம்.

இனி வேலைக்கு இறங்குகிறவர்களுக்குச் சில விஷயம். ஏபியின் பவரை முழுசாக ஏற்றாதீர்கள். ஏபி மைக் பிடித்துக் கத்துகிறது, கன் பேட்டரியில் ஓடும் சின்னப் பொருள், அது வாயால் பதில் சொல்கிறது. கன்னில் நாலு கோடும் தெரியும், ஆனால் அதன் பதில் ஏபிக்குக் கேட்காது. "சிக்னல் ஃபுல்லா இருக்கு சார், வேலை செய்யல" என்று வரும் புகாரில் பாதி இதுதான். கன் எவ்வளவு சத்தமாகப் பேசுமோ, ஏபியையும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறக்குங்கள். சந்து நடுவில், இடுப்பு உயரத்தில், கன்னைக் கையில் பிடித்து சிக்னல் பலம் மைனஸ் 67 டிபிஎம்முக்குக் கீழே போகாமல் பாருங்கள். லேப்டாப்பை வைத்து அளக்காதீர்கள், பிக்கிங்குக்கு யாரும் லேப்டாப் கொண்டுபோவதில்லை. அப்புறம் கேபிள். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதில் 90 சுவருக்குள், 10 இரு முனையிலும் செருகும் பேட்ச் கார்டுக்கு. 200 மீட்டர் நீளமுள்ள ஷெட்டில் ஆபீஸ் மூலையில் ஒரே நெட்வொர்க் ரேக்கை வைத்துவிட்டு அங்கிருந்தே எல்லாவற்றையும் இழுக்கிறார்கள். மேலே ஏறி, ட்ரே வழியே வளைந்து, கீழே இறங்குவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நடுவில் இரண்டு இடத்தில் சின்ன நெட்வொர்க் ரேக் வைத்து, ஆபீஸிலிருந்து அதுவரை சிங்கிள் மோட் ஃபைபர் போடுங்கள். பச்சை விளக்கு எரிகிற 500 ரூபாய் டெஸ்டரை நம்பாதீர்கள். கம்பி எட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று மட்டுமே அது சொல்லும். ஃப்ளூக் மாதிரி சர்ட்டிஃபையரை (கேபிளின் தரத்தை அளக்கும் கருவி) வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு லிங்குக்கும் ரிப்போர்ட் வாங்கிய பிறகே பில்லை பாஸ் செய்யுங்கள். ஹோஸ்கோட்டே அண்ணன் அதைச் செய்திருந்தால் கவரிங் நகை முதல் நாளே மாட்டியிருக்கும். இன்னொன்று, வைஃபையின் பழைய அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிடுங்கள். ஒன்றை ஒன்று மிதிக்காத சேனல் அதில் மூன்றே, 1, 6, 11. அவ்வளவு பெரிய ஷெட்டுக்கு அது எப்படிப் போதும்? அணைத்தால் பாதித் தலைவலி தீரும்.

ஸ்டாக் அக்கா

டெசிபெல் தம்பி, "2.4-ஐ அணைத்துவிடுங்கள்" என்று ஒருவர் சொன்னதால் நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

நான் ஐடி இல்லை. பட்கா பக்கம் ஒரு குடோனில் சரக்குக் கணக்கு. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் பழையதை நிறுத்தி, பதினொன்றுக்குப் புதியது வந்துவிடும் என்றார்கள். பெயரும் அதே, பாஸ்வேர்டும் அதே, உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது என்றார்கள். பதினொன்றரைக்குப் புது கன் இருபதும் வேலை செய்தன. பழைய கன் நாற்பதும் லேபிள் பிரிண்டர் மூன்றும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தன. எல்லாம் 2.4 மட்டுமே தெரிந்த ஜீவன்கள். கான்ட்ராக்டர் பையன், "பழசு, மாத்தணும் மேடம்" என்கிறான். எப்போது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கா?

டாக்கில் பதினோரு லாரி. ஒரு டிரைவர் ஹாரனில் கையை வைத்தால் எடுக்கமாட்டேன் என்கிறான். நான் நீள நோட்டை எடுத்தேன். ஒரு பக்கம் கார்பன் தாள். பெட்டி எண், ரேக் எண், லாரி எண். மாத்தாடி முகாதம் (சுமைத் தொழிலாளர் மேஸ்திரி) பெட்டியைப் பார்த்து எண்ணை மராத்தியில் உரக்கச் சொல்லுவார், நான் எழுதுவேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், நாற்பதும் ஐம்பதும் அவர் வாயில் சாளீஸ், பன்னாஸ் என்று வர, எனக்குத் தமிழில் யோசித்து எண்ணில் எழுதக் கை முந்திக்கொண்டது. விடியற்காலை நான்கரைக்கு 412ஆம் வரியில் பேனா தீர்ந்தது. முகாதம் காதிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் நோட்டின் மேல் வைத்தார்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் "கட்ஓவர் (பழையதிலிருந்து புதியதுக்கு மாற்றம்) வெற்றிகரமாக முடிந்தது" என்று ஸ்லைடு போட்டார்கள். பழைய கன் எத்தனை இருக்கிறது என்று எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் டிராயரில் பட்டியல் இருந்தது.

டெசிபெல்

அக்கா, அது 2.4-இன் குற்றம் இல்லை, இன்வென்டரி எடுக்காத குற்றம். பழைய கன்னுக்கு மட்டும் தனி எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்) போட்டு, தேவையான ஏபிகளில் மட்டும் 2.4-ஐ விட்டிருக்கலாம். மூன்று மாதத்தில் படிப்படியாக...

ஸ்டாக் அக்கா

நான் யாருடைய குற்றம் என்று கேட்கவில்லை, தம்பி.

உரன் உப்புக்காற்று

சண்டைக்கு நடுவே என் பங்கு. நவா ஷேவா துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டு. உங்களுக்காவது ரேக் நின்ற இடத்தில் நிற்கிறது. எனக்கு இரும்புச் சுவரே தினம் இடம் மாறும். காலையில் ஏபியின் எதிரே வெட்டவெளி, மதியம் நாலு அடுக்குக் கன்டெய்னர். பாதி யார்டு இருட்டு. அதற்குக் கம்பத்தை உயர்த்தி, இரண்டு பக்கமிருந்தும் ஏபி அடித்து எப்படியோ சமாளித்தோம்.

மறக்க முடியாதது அது இல்லை. முதல் மழைக்காலம் முடிந்த பிறகு, ஒரு கம்பத்தில் லிங்க் வேகம் 1000 எம்பிபிஎஸ்-இலிருந்து 100-க்கு இறங்கியது. பக்கெட் லிஃப்டில் ஏறினேன். பெட்டியைத் திறந்து கனெக்டரைப் பிடுங்கினால், எட்டு பின்னும் பாசி பிடித்த மாதிரி பச்சை. கொல்லையில் கிடக்கும் பித்தளைக் குத்துவிளக்கின் களிம்பு நிறம். கேபிள் கம்பத்தின் மேலிருந்து நேராகப் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. மழைத் தண்ணீர் கேபிளையே பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, கனெக்டரில் சொட்டி, கூடவே கடற்காற்று உப்பும். பெட்டிக்குக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டு அடியிலிருந்து கேபிளை நுழைத்திருந்தால் தண்ணீர் அந்த வளையத்திலேயே சொட்டிப் போயிருக்கும். அரை மீட்டர் கேபிள். அதைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். நான் மேலே நின்றபடி கீழே இருக்கும் கம்பங்களை எண்ணினேன். முப்பத்தெட்டு. அத்தனையிலும் அதே பச்சை இருக்கும் என்று தெரிந்தபோது வயிற்றில் ஒரு மாதிரி இருந்தது.

ஹோஸ்கோட்டே கிரிம்பர்

டெசிபெல் அண்ணே, சர்ட்டிஃபையர் வைத்து டெஸ்ட் செய்தோம். பத்து லிங்க். அந்தப் பத்தையும் எங்களுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது கான்ட்ராக்டர். அந்தப் பத்தும் நல்ல செம்பு. மாப்பிள்ளை வீட்டார் வரும் அறைக்கு மட்டும் வெள்ளையடித்த கதை.

பிவண்டிவாசி

டெசிபெல் சார் சொன்னது சரிதான், நாலா பக்கமும் பரப்பும் ஆன்டெனாதான் மாட்டியிருந்தார்கள். ஆனால் "சர்வே மேல் பழி போடுவது சுலபம்" என்றீர்களே, அந்தப் பழியை நான் என் மேல்தான் போட்டேன். காலி ரேக்கில் சர்வே எடுத்தால் எந்த டிசைனும் பச்சையாகத்தான் தெரியும். "சரக்கு வரட்டும், அப்புறம் ஒரு தடவை அளப்போம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மார்ச் பட்ஜெட் காசு, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம்.

டிசம்பரில் 11 முதல் 18 வரை சந்து முனைகளில் பேட்ச் ஆன்டெனா மாட்டினோம். பூம் லிஃப்ட் வாடகையே தனிக் கதை. இப்போது சந்து நடுவிலும் கன் வேலை செய்கிறது, நானே பிடித்துப் பார்த்தேன். அந்தப் பையன் மட்டும் இன்னும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முனைக்கு நடக்கிறான். இங்கேயே அடி, பீப் வரும் என்றேன். அடித்தான், வந்தது. தலையை ஆட்டினான். அடுத்த பெட்டிக்கு மறுபடி முனைக்கு நடந்தான்.

சயான் சர்க்கிள்

பூம் லிஃப்ட் யாரிடம் எடுத்தீர்கள், நாள் வாடகையா ஷிப்ட் வாடகையா? இன்பாக்ஸ் செய்யுங்கள். என் சைட்டில் ஏணியில் ஏறு என்கிறார்கள். 12 மீட்டருக்கு ஏணியாம்.

பிவண்டிவாசி

ஏணியில் ஏறாதீர்கள். எண் அனுப்புகிறேன்.

ஸ்டாக் அக்கா

எங்கள் இடத்தில் வரும் வெள்ளி இரவு இரண்டாம் கட்டம் என்று இன்று மெயில் வந்திருக்கிறது. "உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது" என்ற வரி அப்படியே இருக்கிறது. மூன்று பேனாவும் கார்பன் தாள் ஒரு கட்டும் வாங்கியாகிவிட்டது. முகாதமிடம் சொன்னேன், காதைத் தொட்டுக் காட்டினார். பென்சில் இருக்கிறதாம்.