என் பல்லைக் கெடுத்த ஃபுளோரைடை மகள் பல்லில் பூசினோம்

தகடூரான்

நான் பல் தெரியச் சிரித்த போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. கல்யாண ஆல்பத்திலும் உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நிற்கிறேன். தருமபுரிப் பக்கம் கிராமம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது, அதுவரை போர் தண்ணீர்தான். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் அது தாண்டியே இருக்கும். முன்பல்லில் பழுப்புக் கோடு, நடுநடுவே சுண்ணாம்புத் திட்டு. அதனால் ஃபுளோரைடு என்றாலே எனக்கு விஷம். பேஸ்ட்கூட அது இல்லாததாகத் தேடித்தான் வாங்குவேன்.

போன வருஷம் நாலு வயது மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனோம். வலி எதுவும் இல்லை. மேல் முன்பல்லில் ஈறை ஒட்டி ஏதோ வெளுத்திருக்கிறது என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள், என் கண்ணுக்குப் படவில்லை. டாக்டரம்மா பஞ்சால் துடைத்துவிட்டுக் காற்றுக் குழாயால் கொஞ்ச நேரம் ஊதினார். ஊத ஊத, சாக்பீஸால் இழுத்ததுபோல ஒரு பட்டை எழும்பி வந்தது. பாப்பா நாக்கால் தடவியதும் பாதி மறைந்துவிட்டது.

"சொத்தையோட ஆரம்பம் இதுதான். மேல்பரப்பு உடையலை. அதுக்கு அடியில கால்சியமும் பாஸ்பேட்டும் கரைஞ்சு போய் நுண்துளையா இருக்கு. துளையில ஈரம் இருந்தா சரியாத் தெரியாது, காத்து புகுந்தா வெள்ளையாத் தெரியும். ஃபுளோரைடு வார்னிஷ் போட்டா இங்கேயே நிறுத்திடலாம்" என்றார்.

நான் எழுந்தே விட்டேன். என் பல்லைக் காட்டி, "இதைப் பண்ணினதே அதுதானே மேடம்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று முதலில் கேட்டார். பிறகு சொன்னார்: எனக்குக் கெடுதல் நடந்தது பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த வயதில். வருஷக்கணக்காகக் குடித்த ஃபுளோரைடு இரத்தத்தின் வழியே போய், பல்லின் கெட்டியான மேல் ஓடான எனாமல் முதிரும் வேலையையே குழப்பிவிட்டது. முளைத்து வெளியே வந்த பல்லின்மேல் பூசுவது வேறு வேலை. வார்னிஷில் பத்து லட்சம் பங்குக்கு 22,600 பங்கு ஃபுளோரைடு, பேஸ்டில் 1,000 என்று கேட்டதும் மறுபடி வயிற்றைக் கலக்கியது. ஆனால் வாய் முழுக்கப் பூச ஆனது கால் மில்லிதான். சின்னத் தூரிகை, மஞ்சள் பிசின், எச்சில் பட்டதும் இறுகிவிட்டது. அன்றைக்குச் சூடாக, கடினமாக எதுவும் தரக் கூடாது, ராத்திரி பல் தேய்க்க வேண்டாம். பாப்பாவுக்கு இந்தக் கடைசி விஷயம் ரொம்பப் பிடித்துப்போனது.

உங்கள் வீட்டில் யாருக்காவது போட்டிருந்தால் எழுதுங்கள்.

கடைவாய்

பல் டாக்டராக ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். வார்னிஷ் என்ற பெயரே எங்களுக்குத் தலைவலி. மரக்கதவுக்கு அடிக்கிற மாதிரி பல்லுக்கு உறை போட்டாயிற்று, இனி எதையும் தின்னலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பிசின் சீக்கிரமே தேய்ந்து போய்விடும். அது ஒட்டியிருக்கும் நேரத்துக்குள் ஃபுளோரைடு கால்சியத்தோடு சேர்ந்து, கால்சியம் ஃபுளோரைடாகப் பல்லின்மேல் மணிமணியாகப் படிகிறது. எச்சிலில் உள்ள பாஸ்பேட்டும் புரதமும் மேலே படிந்து அதைக் கரையாமல் காக்கின்றன.

பிள்ளை மிட்டாய் தின்றதும் பல்லில் ஒட்டிய கிருமிகள் அதை அமிலமாக்கும். அமிலத்தை அளக்கும் பி.எச். கணக்கில் எண் குறையக் குறைய அமிலம் அதிகம்; அது 5.5 வாக்கில் இறங்கினாலே எனாமலைக் கட்டியிருக்கும் ஹைட்ராக்ஸி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் படிகம் கரையத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து மணிகளும் கரைந்து ஃபுளோரைடை விடும். அது படிகத்தின்மேல் ஒட்டிக் கரைவதைத் தடுக்கும். அமிலம் தணிந்ததும் எச்சிலில் இருக்கும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் இழுத்து, விட்ட இடத்தில் திரும்பக் கட்டும். அப்படிக் கட்டியதில் ஃபுளோரைடு சேர்ந்த படிகமான ஃபுளோர் அபடைட் கலந்திருக்கும். அது கரைய பி.எச். 4.5 பக்கம் இறங்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது சுறா கதை. சுறாப் பல்லின் மேல்பகுதி கிட்டத்தட்ட முழுக்க ஃபுளோர் அபடைட். அதில் துண்டு எடுத்து மனித வாயில் பொருத்திப் பார்த்தார்கள். அதுவும் கரைந்தது! பல்லுக்குள் புதைந்த ஃபுளோரைடைவிட, பல்லைச் சுற்றி ஈரத்தில் மிதக்கும் ஃபுளோரைடுதான் அதிகம் வேலை செய்கிறது. அதனால்தான் மூன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுகிறோம், தினம் இரண்டு வேளை பேஸ்ட் போடச் சொல்கிறோம். தேய்த்தபின் துப்பினால் போதும், டம்ளர் டம்ளராகக் கொப்பளித்தால் எல்லாம் வாஷ்பேசினுக்குத்தான்.

காரைக்குடி மருமகள்

எங்கள் மாமனாருக்கு வாயில் புற்றுநோய் வந்து கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். எச்சில் வற்றிப்போயிற்று. இட்லிகூடத் தண்ணீர் விட்டுப் பிசைந்துதான் உள்ளே போகும். அதற்கு முன் கரும்பு கடித்த பல், ஒரு வருஷத்தில் ஈறோரமாகப் பொலபொலவென்று உதிர ஆரம்பித்தது. பல் பிரிவில் அவர் வாய்க்கு அளவெடுத்து மெல்லிய ட்ரே செய்து கொடுத்தார்கள். தினம் ராத்திரி அதில் ஃபுளோரைடு ஜெல் தடவி மாட்டிக்கொள்ள வேண்டும். முதல் மாதம் "இந்தக் குதிரை லாடத்தை நான் மாட்ட மாட்டேன்" என்று ஒரே சண்டை. இப்போது அவரே எடுத்து மாட்டிக்கொள்கிறார். போன பல் போனதுதான், ஆனால் அதற்கப்புறம் புதிதாக ஒன்றும் உடையவில்லை. எச்சில்தான் கால்சியத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் என்று கடைவாய் எழுதியதைப் படித்தபின்தான், எச்சில் போனதும் பல் ஏன் போனது என்று எனக்கே புரிகிறது.

வாண்டு அம்மா

எங்களுக்கு நடந்தது கொஞ்சம் கசப்பு. பெரியவனுக்கு அப்போது ஏழு வயது. ஒரு கிளினிக்கில் ட்ரேயில் ஜெல் நிரப்பி நாலு நிமிஷம் கடித்திருக்கச் சொன்னார்கள். ஆரஞ்சு வாசனை. எச்சில் உறிஞ்சும் குழாயும் வைக்கவில்லை, பக்கத்தில் ஆளும் நிற்கவில்லை. பையன் பாதியை விழுங்கிவிட்டான். ஆட்டோவில் ஏறுவதற்குள் வாந்தி. போன் செய்தால், "ரெண்டு டம்ளர் பால் குடுங்க, வயிற்றில் ஃபுளோரைடைப் பாலில் உள்ள கால்சியம் பிடிச்சுக்கும்" என்றார்கள். கொடுத்தோம், சாயங்காலத்துக்குள் தேறிவிட்டான். அந்த ஜெல்லில் மில்லிக்குப் பன்னிரண்டு மில்லிகிராம் ஃபுளோரைடு என்று பிறகுதான் தெரிந்தது. ஆறு வயதுக்குக் கீழே ஜெல் வேண்டாம், வார்னிஷ்தான் என்பதும் அப்புறம்தான்.

சின்னவளுக்கு வேறு மருந்து, சில்வர் டயமின் ஃபுளோரைடு. மூன்று வயதில் கடைவாய்ப் பால் பல்லில் குழியே விழுந்துவிட்டது, ஆனால் வலி இல்லை. மயக்க மருந்து கொடுத்து அடைப்பதா என்று தவித்தபோது இதைச் சொன்னார்கள். ஒரு சொட்டு, ஒரு நிமிஷம், ஊசி கிடையாது. வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடு மிச்சத்தைக் கெட்டியாக்கும். ஆனால் சொத்தை இருந்த இடம் மட்டும் கன்னங்கரேலென்று ஆகிவிடும், அது போகாது. கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போட்டார்கள். மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. என் துப்பட்டாவில் பட்ட சொட்டு இன்னும் அப்படியே இருக்கிறது.

தகடூரான்

எல்லோருக்கும் நன்றி. மகளுக்கு இரண்டாவது தடவையும் பூசியாகிவிட்டது. போன வாரம் மறுபடி ஊதிப் பார்த்தார்கள். பட்டை முழுசாகப் போகவில்லை, ஆனால் சாக்பீஸ் நிறம் போய்ப் பளபளப்பு வந்திருக்கிறது. முனை உருண்ட கம்பியை டாக்டரம்மா மெதுவாக இழுத்தார். முன்பு சொரசொரவென்று நின்ற இடத்தில் இப்போது வழுக்கிக்கொண்டு போனது. நின்றுவிட்டது என்றார். பேஸ்டையும் மாற்றிவிட்டேன், பட்டாணி அளவு, நான் பக்கத்தில் நின்று துப்ப வைக்கிறேன்.

என் பல்லுக்கு என்ன செய்தேன் என்று தனியாகக் கேட்டவருக்கு: இந்தக் கறைக்கு வார்னிஷால் பயனில்லை. அமிலமும் பியூமிஸ் என்ற எரிமலைக் கல் தூளும் வைத்து மேற்பரப்பை மெல்லிசாகத் தேய்த்து எடுக்கலாம் என்கிறார். அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்.