சிங்கப்பூர் - திருச்சி: நாலு மணி நேரம்தானா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து:
"நாலு மணி நேரம்தானேப்பா, பொங்கலுக்கு வந்துட்டுப் போயேன்" என்று அம்மா சுலபமாகச் சொல்லிவிடுவார். வானத்தில் இருக்கும் நேரம் என்னவோ அவ்வளவுதான். போன முறை ராத்திரி 8 மணி விமானத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பியது மாலை 5 மணிக்கு. திருச்சியில் இறங்கி, பெட்டி வந்து, வெளியே வர 11 ஆகிவிட்டது. தம்பி கார் கொண்டுவந்திருந்தான். தஞ்சாவூர் தாண்டி, வழியில் ஒரு டீ குடித்து, மன்னார்குடி வாசலில் நிற்கும்போது ஒன்றரை மணி. சிங்கப்பூர் நேரப்படி விடியற்காலை நாலு! பதினொரு மணி நேரம் ஆயிற்று.

இன்னொன்று. வரைபடத்தில் திருச்சி தெற்கே இருப்பதால் சென்னையைவிடக் கிட்டத்தில் இருக்கும் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். நேர்க்கோட்டில் அளந்தால் சென்னை சுமார் 2,900 கிலோமீட்டர், திருச்சி ஏறக்குறைய 3,000. மேற்கே தள்ளி இருக்கிறதே, அதனால்தான்.

உங்களுக்கு எப்படி?

ஜூரோங்கிலிருந்து:
எங்களைக் கவிழ்த்தது தூரம் இல்லை, தேதி. சென்னையிலிருந்து திரும்பும் டிக்கெட்டில் '14, 00:20' என்று இருந்தது. நானும் மச்சானும் 14-ஆம் தேதி ராத்திரி 9 மணிக்கு, முறுக்கு டின்னும் வடகப் பொட்டலமுமாகக் கவுண்டரில் போய் நின்றோம். அந்தப் பெண் டிக்கெட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார். "சார், இது இன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே போயிடுச்சே." 13-ஆம் தேதி ராத்திரியே போய் நின்றிருக்க வேண்டும். தப்பு முழுக்க எங்களுடையதுதான். புது டிக்கெட் விலையை மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஊர் நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்னால், அந்த வித்தியாசம் வேறு. போகும்போது காலை 10 மணிக்கு ஏறினால் அங்கே 11:40-க்கு இறங்கிவிடலாம், என்னவோ பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் இருக்கும் ஜொகூர் பாரு போய்வந்த மாதிரி. திரும்பும்போது அதே பயணம் ஆறரை மணி நேரம் மாதிரி தெரியும். நடு ராத்திரி ஏறி, தூங்கலாமா என்று யோசிப்பதற்குள் சாங்கி விமான நிலையத்தில் விடிந்திருக்கும். அன்றைக்கே வேலைக்குப் போகிறவர்கள் பாவம்.

தெம்பனிஸிலிருந்து:
நாலு மணி நேரத்துக்கே இவ்வளவு அலுப்பா தம்பிகளா! நான் 1976-ல் பதினோரு வயதுப் பையனாக 'சிதம்பரம்' கப்பலில் வந்தவன். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளி நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். படகு ஒரு ஆட்டம் ஆடியதில் அம்மா மடியிலிருந்த பித்தளைக் குடம் உருண்டு ஓடியது, நான் பாய்ந்து பிடித்தேன். பினாங்கு, கிள்ளான் எல்லாம் தொட்டு இங்கே வந்து சேர ஒரு வாரம் ஆனது. 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பலின் ஓட்டமும் நின்றுபோனது.

அப்போதெல்லாம் ஊருக்கும் இங்கேயும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். அப்பா கைக்கடிகாரத்தைக் கடைசிவரை ஊர் நேரத்திலேயே வைத்திருந்தார், மனதுக்குள் இரண்டைக் கூட்டிக்கொள்வார். 1982 புத்தாண்டன்று இங்கே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். "சும்மா இருந்த கணக்கைக் கெடுத்துட்டானுங்க" என்று ஒரு வாரம் புலம்பினார்.